கருப்பட்டி வந்த வழி

கருப்பட்டி அந்த வீட்டுக்குக் கத்தரிக்காய் வரும் வழியில் வந்தது.

செண்பகத்தின் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. பின்பக்கப் பால்கனிக் கம்பியில் ஒரு நைலான் கயிறும் அதன் நுனியில் ஒரு கூடையும் எப்போதும் கட்டியிருக்கும். கீழே காய்கறி வண்டி வந்து நின்றால் கூடையை இறக்கிவிட்டு மேலே இழுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அந்தக் கூடையில் ஆமையை வைத்து, கீழே நின்று கயிற்றைச் சரிபார்த்தவள் பேச்சியம்மாள். செண்பகத்தின் கணவனுக்கு மூத்த அக்காள். அதே குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கிறவள். வீட்டுக்குள் ஆமை வந்தால் அந்தக் குடும்பம் தேறாது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது. அதனால் ஒரு வழியையும் அவளே கண்டுபிடித்தாள்.

“வாசப்படி தாண்டி வந்தாத்தான் புகுந்த கணக்கு. கூடையில வந்தா சாமான் கணக்கு,” என்றாள்.

கூடை மேலே போகும்போது முதல் மாடிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, இதைக் குழம்பு வைப்பீர்களா, பொரிப்பீர்களா என்று கேட்டார். உம்ம வீட்டுக்கு ஒண்ணு வேணும்னா வாசல் வழியாவே அனுப்பி வைக்கேன் என்று பேச்சியம்மாள் கீழிருந்து பதில் சொன்னாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த செண்பகத்துக்கு வெட்கமாக இருந்தது. அவள் மருந்தியல் படித்தவள். பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். முந்தின நாள்தான் விலங்கு மையத்திலிருந்து ஜெரால்டு வந்து, வாசல் நிலைப்படியில் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஆமையை அந்தப் பட்டையைத் தாண்டித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். அவள் தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. கணவன் சுடலைமணி கப்பலில் இருக்கிறான். அவள் கடையில் நிற்கும் நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மயினி பேச்சியம்மாள்தான். ஒரு பட்டைக்காக மயினியோடு மல்லுக்கு நிற்க அவளால் முடியாது.

பிள்ளையின் பெயர் நிறைமதி. ஆறு வயது. போன வருடம் ஒரு காப்பகத்திலிருந்து அவளைத் தத்தெடுத்திருந்தார்கள். பிள்ளை அழாது, அடம் பிடிக்காது, கொடுத்ததைச் சுவரோரமாக உட்கார்ந்து தானே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும். ஆனால் செண்பகத்தை அது இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பின்னால் வந்து நின்று துப்பட்டாவை இழுக்கும். பேச்சியம்மாளை அத்தை என்று கூப்பிடும். கீழ்வீட்டு நாயைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அம்மா என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம், தானாக வரட்டும் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். செண்பகம் காத்திருந்தாள். காத்திருப்பது வெளியே தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கடல் உள்ளே வந்து கடற்கரைத் தெருக்களை எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் இப்படி மாடிக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வளர்த்த உயிர்கள் பல மையத்தில் தங்கிவிட்டன. அங்கே ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனபோதுதான் நிறைமதி ஒரு ஆமைத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். உடைத்த கருப்பட்டி வட்டு போல நிறம். பெயரும் அதுதான். கிளம்பலாம் என்று மூன்று முறை கூப்பிட்டும் அவள் எழவில்லை. அவள் எதையாவது வேண்டும் என்று காட்டியது அதுதான் முதல் தடவை.

ஆமையின் ஓட்டின் நடுவில் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு ஜெரால்டு சொன்னான்.

“ஆமைக்கு வீடுன்னா சுவர் இல்லக்கா, வழக்கம். எந்த நேரத்துல யாரு நடந்தா, தரை எப்படி அதிருது, எந்தப் பக்கம் வெயில் விழுது, என்ன வாசம் வருது, இதெல்லாம் சேந்ததுதான் அதுக்கு வீடு. ஒரே நாள்ல எல்லாம் மாறிட்டா தலையை உள்ள இழுத்துக்கிட்டு, பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதனால பழைய வீட்டையும் கூடவே அனுப்புதோம். எல்லாம் இந்த வில்லையில இருக்கு.”

வீட்டின் மூலைகளில் சின்னப் பெட்டிகள் பொருத்தினான். அவற்றிலிருந்து பழைய வீட்டின் சத்தமும் வாசனையும் வரும். ஆரம்பத்தில் பழைய வீடு நிறைய இருக்கும். நாளாக நாளாக அது குறைந்து, புது வீடு ஆமைக்குப் பழகிவிடும். கடைசியில் வந்து பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றான். முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ, கடிக்கக் கணவாய் ஓடு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க விடுவது, முதலில் சில நாள் கையில் தூக்காமல் இருப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தான். செண்பகம் எல்லாவற்றையும் மருந்துச் சீட்டைப் போலக் கவனமாகக் கடைப்பிடித்தாள். அந்தப் பட்டையைத் தவிர.

முதல் நாட்களில் கேட்டதெல்லாம் அலைச் சத்தம்தான். வடக்குச் சுவர்ப் பக்கம் கடல் இருப்பது போல இருக்கும். அந்தப் பக்கம் உண்மையில் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. பிறகு காலடிச் சத்தம் வந்தது. ஒரு பெண் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு நடப்பாள். இடது காலைச் சற்று இழுத்து வைக்கிற நடை. நல்லெண்ணெயில் கடுகு பொரிகிற வாசனை வரும். செண்பகம் கடலை எண்ணெய் தவிர வேறு எதிலும் தாளித்ததில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முனகுகிற சத்தமும் வரும். எல்லாம் பட்டப்பகலில், வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. நிழல்கள் எல்லாம் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும். வீடு முழுக்க வேறு ஒருத்தி வேலை செய்துகொண்டிருப்பாள்.

குறையும் என்று ஜெரால்டு சொல்லியிருந்தான். அது கூடியது.

ஆமை ஒவ்வொரு மதியமும் கூடத்தைக் குறுக்கே கடந்து, டி.வி.க்குப் பக்கத்தில் வெறும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பது போலக் காத்திருக்கும். சில நாள் கழித்து, நிறைமதியும் அதன் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ திறந்துவிடப் போகிறார்கள் என்பது போல நின்றார்கள். செண்பகம் என்னம்மா பார்க்கிறாய் என்று கேட்டாள். பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்தது.

பிறகு அந்தக் குரல் வந்தது.

“பவளம்... சோறு ஆறுது பாரு. வா.”

‘வா’ என்பதை அந்தப் பெண் கொஞ்சம் இழுத்து, மேலே தூக்கி, சட்டென்று விடுவாள். கூப்பிடுகிறவளுக்கு அவசரம் இல்லை, பிள்ளை வந்துவிடும் என்று தெரியும், அப்படிப்பட்ட குரல். அடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். ஆமை சுவரை விட்டுத் திரும்பி, ஆமைக்கு ஆகாத வேகத்தில், சமையலறைப் பக்கம் நடக்கும். பழைய வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பவளம் அதற்குக் கீரை போடுவாள் போலிருக்கிறது.

பேச்சியம்மாள் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அதற்குப் பிறகு மதிய நேரத்தில் மேலே வருவதில்லை. கூடையில் ஏற்றும்போதே கயிறு கனத்தது, ஒரு ஆமைக்கு அவ்வளவு கனம் கிடையாது என்று படிக்கட்டில் பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் செண்பகம் கடையை அடைத்துவிட்டு வந்தபோது நிறைமதி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து குரல் கூப்பிட்டது. நிறைமதி பென்சிலை வைத்தாள். எழுந்தாள். செண்பகத்தைத் தாண்டிப் போனாள்.

“வாரேம்மா,” என்றாள்.

சமையலறையில் யாரும் இல்லை. பிள்ளை அங்கே போய் மேடைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சுவரோரமாக அல்ல, நடுவில், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. செண்பகம் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். பிள்ளை சந்தோஷமாகச் சாப்பிட்டது. அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்றைக்கே ஜெரால்டுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் மறுநாள் வந்து, கையளவு கருவி ஒன்றை ஆமையின் வில்லைமேல் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

“அக்கா, இதை எப்படி உள்ள கொண்டு வந்தீங்க?”

அவள் கூடையைக் காட்டினாள். மயினி சொன்னதையும் சொன்னாள். ஜெரால்டு முதலில் சிரித்தான். எங்க அம்மாவும் ஜெபமாலையைக் கையில வச்சுக்கிட்டே பல்லி சத்தத்துக்குப் பலன் பார்ப்பாங்க என்றான். பிறகு மறுபடி கருவியைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்தப் பட்டையைத் தாண்டும்போதுதான் வில்லைக்கு வீடு மாறிருச்சுன்னு தெரியும். இதுக்குத் தெரியவே இல்ல. இன்னும் கடற்கரைத் தெரு வீட்டுலதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அங்க ஆளுகளைக் காணும். ஆமை தேடுது. தேடத் தேட, வில்லை இருக்கிறதையெல்லாம் கூட்டிக் கூட்டி வைக்குது.”

அந்தப் பெண் யார் என்று செண்பகம் கேட்டாள். தங்கபுஷ்பம் என்று பேராம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நோயில் இறந்துபோனாள். வீடு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. மகள் பவளம் அப்பாவோடு மஸ்கட்டில் இருக்கிறாள். அம்மாவின் குரல் வேறு எங்கும் பதிவாகி இல்லை. ஆமையைக் கொடுத்த அன்றே, வில்லையில் இருப்பதெல்லாம் கொஞ்ச நாளில் அழிந்துவிடும் என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள். இதற்குள் அழிந்திருக்கும் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்.

“இப்ப வெளிய கொண்டுபோய் வாசல் வழியா உள்ள கொண்டு வந்தா போதும், குறைய ஆரம்பிச்சிரும். ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. குறைஞ்சது திரும்பாது.” ஜெரால்டு கருவியைப் பையில் போட்டான். “கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்கக்கா. அடுத்தவங்க வீட்டுப் பேச்சு, நானா நகல் எடுக்கக் கூடாது. மஸ்கட்டுக்குச் சொல்லி, மேலயும் கேட்டுச் சொல்லுதேன்.”

செண்பகம் சரி என்றாள். அப்போது அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

ஜெரால்டு படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் மதியக் குரல் கூப்பிட்டது. நிறைமதி ஓடி வந்தாள். வாரேம்மா, வாரேம்மா என்று இரண்டு தடவை சொன்னாள். ஓடி வந்தவள் செண்பகத்தின்மேல் மோதிக்கொண்டாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. வழியில் ஒரு நாற்காலி இருந்தால் எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தது. பிறகு சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

குரலைத் தன் போனில் பதிந்து வைக்கலாம் என்று செண்பகத்துக்குத் தோன்றியது. போன் மேசைமேல்தான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஆமையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். முதல் மாடியில் பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். எங்கே கொண்டுபோகிறாய் என்றாள். கீழே கொண்டுபோய் மறுபடி மேலே, வாசல் வழியாக, என்று செண்பகம் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மயினியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பேச்சியம்மாள் பின்னாலேயே ஏறி வந்தாள். வாசலுக்கு வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் பாக்கல. நான் பாக்காத வரைக்கும் அது எப்படி வந்தா எனக்கென்ன,” என்றாள்.

செண்பகம் பட்டையைத் தாண்டினாள். வில்லையில் ஒரு சிறிய பச்சை வெளிச்சம் வந்து அணைந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதன் பிறகு எல்லாம் ஜெரால்டு முதலில் சொன்னபடியே நடந்தது. அலைச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. கடுகு வாசனை எங்கோ நாலு வீடு தள்ளி வருவது போல வந்து, பிறகு வரவில்லை. முனகல் நின்றது. காலடிகள் பாதிக் கூடம் வரை வந்து மறைந்தன. குரல் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. முதலில் ‘வா’ போயிற்று. பிறகு சோறு போயிற்று. கடைசியில் “பவ...” என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது.

வீடு தன் வீடாகிவிடும் என்று செண்பகம் நினைத்திருந்தாள். ஆனால் வீடு காலியானது. நிறைமதி தரையில் காதை வைத்துப் படுத்தாள். மதியம் சாப்பிடுவதை நிறுத்தினாள். காலையிலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆமையும் கீரையைத் தொடவில்லை. மூலையில் இரண்டும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. செண்பகம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டால் பிள்ளை மறுக்காது. மடியில் ஒரு துணி மூட்டை கிடப்பது போலக் கிடக்கும். டாக்டர் சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். அந்த டானிக்கைக் கடையில் எத்தனையோ தாய்மாருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மதியம் அந்த மூச்சுகூட வரவில்லை. நேரம் வந்தது, தாண்டியது. நிறைமதி பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு காய்ந்திருந்தது. சமையலறையில் நின்றிருந்த செண்பகம் வாயைத் திறந்தாள். என்ன செய்கிறோம் என்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

“பவளம்... சோறு ஆறுது பாரு. வா.”

வா என்பதை இழுத்து, மேலே தூக்கி, சட்டென்று விட்டாள். இத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டு அது அவள் தொண்டையில் எங்கோ உட்கார்ந்திருந்தது போல, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது.

கூடத்தில் சிறிய கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது.

“வாரேம்மா.”

இந்தத் தடவை பிள்ளை அவளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆமையும் வந்து வாசலில் நின்றது. செண்பகம் அழுதாள். அவள் இத்தனை நாள் காத்திருந்தது வந்துவிட்டது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தது என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாளும் கூப்பிட்டாள். பிறகு தினமும். கூப்பிட்டால் மட்டும் போதவில்லை. தாளிக்கும்போது நல்லெண்ணெய் வாசம் வந்தால் பிள்ளை இன்னும் நெருங்கி உட்கார்ந்தது. எண்ணெயை மாற்றினாள். அந்தப் பாட்டை முனகிப் பார்த்தாள். நிறைமதி கூடவே தலையை ஆட்டினாள். டி.வி.யை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அந்த வெறும் சுவரில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டாள். வாசல் மாதிரி இருக்கட்டும் என்று. ஆமையும் பிள்ளையும் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்பது நின்றது. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ஆமை கீரையும் தின்றது, கணவாய் ஓட்டையும் கடித்தது.

சுடலைமணி கப்பலிலிருந்து பேசும்போது, உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டான். இல்லையே என்றாள். பேச்சியம்மாள் ஒருநாள் படிக்கட்டில் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

“ஏளா, கால்ல என்ன? ஏன் இழுத்து இழுத்து நடக்க?”

செண்பகம் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். அதில் ஒரு வலியும் இல்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபோது ஜெரால்டு வந்தான். கூடவே, உயரமாக வளர்ந்துவிட்ட, ஒல்லியான ஒரு பெண்பிள்ளை வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். லீவுக்கு மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறாளாம். அப்பா கீழே வண்டியில் இருக்கிறாராம், மேலே வர அவரால் முடியவில்லையாம். மேலிடத்தில் அனுமதி வர இத்தனை நாள் ஆகிவிட்டது என்று ஜெரால்டு சொன்னான். பிறகு செண்பகத்தைத் தனியாகப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“நீங்க அதை வாசல் வழியா கொண்டு வந்திருக்க மாட்டீங்கன்னு நினைச்சுதான் இவளைக் கூட்டியாந்தேன். குரல் இருக்குல்லக்கா?”

பவளம் அதற்குள் கருப்பட்டியிடம் போய்விட்டாள். தரையில் மண்டியிட்டு, அதன் ஓட்டை ஒரு விரலால் தொட்டாள். ஆமை கழுத்தை முழுக்க நீட்டியது. நிறைமதி பக்கத்தில் வந்து, கீரை வேணுமா என்று கேட்டு ஒரு கொத்தை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளும் ஆமையின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

பவளம் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். “எப்ப வரும், அங்கிள்?” என்றாள்.

மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. செண்பகம் சமையலறைக்குள் போனாள். சோறு வடித்து வைத்திருந்தது. கடுகு பொரிந்தது. உண்மையைச் சொல்லலாம். குரல் அழிந்துவிட்டது, என்னால்தான் அழிந்தது என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். சொன்னால் நிறைமதி கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தக் குரல், யார் அழித்தது என்று கேட்பாள். இல்லையென்றால் பேசாமல் நிற்கலாம். நேரம் தாண்டிப் போகும். ஒரு பிள்ளை காத்திருந்துவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போவாள். இன்னொரு பிள்ளை தரையில் காதை வைத்துப் படுப்பாள்.

கூடம் அமைதியாக இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். ஆமைகூட.

“பவளம்... சோறு ஆறுது பாரு. வா.”

“வாரேம்மா.”

“வாரேம்மா.”

ஒன்று சின்னக் குரல், ஒன்று உடைந்த குரல். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. நிறைமதி ஓடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பவளம் மெதுவாக வந்து சமையலறை வாசலில் நின்றாள். பெட்டியைப் பார்க்கவில்லை. அடுப்பின் முன்னால் நின்றவளின் முதுகை வெகுநேரம் பார்த்தாள். செண்பகம் திரும்பினாள். பவளம் அவள் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். நிறைமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே முழுச் சோற்றையும் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் ஆமையிடம் போன பிறகு ஜெரால்டு கருவியோடு வந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, பெட்டியெல்லாம் அணைஞ்சு கிடக்கு. ரொம்ப நாளாவே அணைஞ்சுதான் கிடக்கு. ஆனா வில்லை வேற சொல்லுது. பழைய வீடு முழுசா இருக்குதாம். ஒரு இம்மி குறையலயாம்.” அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவளுக்கு அதில் கோடுகள்தான் தெரிந்தன. “இந்த வீட்டுல மூணு பேருன்னு காட்டுது. தங்கபுஷ்பம் அம்மா, பவளம், அப்புறம் புதுசா ஒரு சின்னப் பிள்ளை.”

“நான்?”

அவன் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

“ஆரம்பத்துல வேற ஒரு ஆளோட காலடி இருந்திருக்கு. வேற ஒரு குரல். அது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு.” நிறுத்தினான். “போன மாசத்தோட நின்னு போச்சு.”

குறைந்தது திரும்பாது என்று அவன் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவு இருந்தது. அவனுக்கும் இருந்திருக்க வேண்டும். கருவியை அணைத்துப் பையில் போட்டான்.

போகும்போது பவளம் வாசலில் நின்று, லீவு முடிகிற வரைக்கும் தினமும் மதியம் வரலாமா என்று கேட்டாள். செண்பகம் வா என்றாள். அந்தச் சொல் இழுபட்டு, மேலே போய், சட்டென்று விழுந்தது. பவளம் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு செண்பகம் பின்பக்கப் பால்கனிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு முன்னால், இந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த அன்று எப்படிக் கூப்பிட்டாளோ அதை நினைவுபடுத்தப் பார்த்தாள். அந்தக் குரல் எங்கேயோ அடியில் கிடந்தது. இழுத்து எடுத்தாள். கரகரப்பாக, சின்னதாக வந்தது.

“நிறை... நிறைமதி.”

உள்ளே விளையாட்டுச் சத்தம் நின்றது. பிறகு பிள்ளை ஓடி வந்து அவள் துணியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

“அம்மா, வெளிய யாரோ கூப்பிடுதாங்க.”

“யாரும்மா?”

நிறைமதி பால்கனியையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தெரியல. முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க போல.”